கரப்பான் ஒட்டுமா?

அறிவியல் பக்கம்
எழுதியவர்: பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவி



இந்த இதழுக்கு 'செவ்வாய்க் கிரகம்' பற்றி எழுதறதா இருந்தேன். அதை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சாச்சு. ஏன்னா, போன மாசம் நம்ம பள்ளியிலேயே ஒண்ணு நடந்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அவனுக்கு முழங்கை மடிப்பிலும், முழங்காலுக்குப் பின்பக்கமும், கழுத்திலும் கரப்பான். ஒரு நாள் அவனோட பெஞ்சில் இருந்த மூணு பேரும் எழுந்து பின்னாடி போயிட்டாங்க. "ஒட்டிக்கும்டா"ன்னு சொன்னாங்களாம். மறுநாள் அவனோட தண்ணீர் பாட்டிலை யாரோ குச்சியால தள்ளி விட்டிருக்காங்க. மூணாவது நாள் அவன் பள்ளிக்கு வரலை.

அந்தப் பையன் என் தம்பி.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்க வீட்டிலேயே அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்தான். அவன் படுத்த பாயில் நானே படுக்க மாட்டேன். அம்மா ஒரு வருஷமா கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாத்தையும் 'கரப்பான் பண்டம்'னு நிறுத்தி வெச்சிருந்தாங்க. வேப்பிலையை அரைச்சுத் தேய்ச்சுக் குளிக்க வெச்சாங்க. அவன் எரியுதுன்னு கத்துவான்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனோம். நான் ஒரு நோட்டில் கேள்வி எல்லாம் எழுதிக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா பொறுமையா பதில் சொன்னாங்க. புரியாததை எங்க உயிரியல் டீச்சர் விளக்கினாங்க. மிச்சத்தைத் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்கே பாடமா எழுதியிருக்கேன்.

1. கரப்பான் என்றால் என்ன?

கரப்பானை ஆங்கில மருத்துவத்தில் எக்ஸிமா என்பார்கள். அதில் பல வகை உண்டு. குழந்தைகளுக்கு அதிகம் வருவது 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்ற வகை. தோல் வறண்டு, சிவந்து, அரித்து, சொறியச் சொறியத் தடித்துப் போகும். சில நாள் நன்றாக இருக்கும், திடீரென்று கிளம்பும். சில நாடுகளில் 5 குழந்தைகளில் ஒருவர் வரைக்கும் இது இருக்கிறது. இதே குடும்பங்களில் ஆஸ்துமா, தும்மல் ஒவ்வாமை போன்றவையும் அதிகம் காணப்படும். எங்க தாத்தாவுக்கு இழுப்பு இருந்தது. டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே அதுதான்!

2. மதில் சுவரில் விரிசல்

நம் தோலின் மேல்படலத்தை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான இறந்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்புப் பொருள்தான் சுண்ணாம்புக் கலவை. இந்தச் சுவர் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாது. வெளியே இருக்கிற கிருமி, தூசியை உள்ளே விடாது.

செங்கல் சரியாக அமைய 'ஃபிலாக்ரின்' என்ற புரதம் வேண்டும். 2006-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தின் இர்வின் மெக்லீன் குழுவினர், இந்தப் புரதத்துக்கான ஜீனில் பிழை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் இந்தப் பிழை இருப்பதில்லை. ஆனால் "இது ரத்தத்தில் இருக்கிற கெட்டது" என்று மட்டும் நினைத்திருந்தவர்களை, சுவரையும் பார்க்க வைத்தது இந்தக் கண்டுபிடிப்புதான்.

இன்னொரு விஷயம். நல்ல தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உடையது. அதன் பி.எச். மதிப்பு சுமார் 5. ஃபிலாக்ரின் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் தோலை ஈரமாக வைக்கின்றன, அமிலத்தன்மைக்கும் உதவுகின்றன. ஃபிலாக்ரின் குறைந்தால் தோல் வறளும், பி.எச். ஏறும். சில கிருமிகளுக்கு அதுதான் கொண்டாட்டம்!

3. பொன்னிறத் திராட்சைக் கொத்து

அந்தக் கிருமியின் பெயர் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பெயர் நீளமா இருக்கேன்னு பயப்படாதீங்க. இனிமேல் 'ஆரியஸ்' என்றே சொல்லுவோம்.

1880-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர், கட்டிகளில் இருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டை உருண்டையாகக் கிருமிகள், திராட்சைக் கொத்து மாதிரி! கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்துக்கு ஸ்டெஃபிலே என்று பெயர். அதையே கிருமிக்கு வைத்தார். 1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர், இது தட்டில் வளரும்போது தங்க நிறமாக இருப்பதைப் பார்த்து 'ஆரியஸ்' என்று சேர்த்தார். ஆரியஸ் என்றால் லத்தீனில் பொன்னிறம்.

இது ஏதோ அபூர்வக் கிருமி இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே 100-க்கு 20 முதல் 30 பேர் மூக்கில் இது சும்மா குடியிருக்கிறது. அதாவது, நம்ம வகுப்பில் 50 பேர் இருந்தால் பத்துப் பேருக்கு மேலேயே இருக்கலாம்! என் மூக்கிலும் இருக்கலாம், உங்க மூக்கிலும் இருக்கலாம்.

எக்ஸிமா உள்ளவர்களிடம் மட்டும் இது தோலிலேயே குடியேறிவிடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான ஒரு கணக்கின்படி, புண் உள்ள தோலில் 100-க்கு 70 பேரிடமும், புண் இல்லாத தோலில் 39 பேரிடமும் ஆரியஸ் இருந்தது.

4. சுவர் உடைந்தால் கிருமி வரத்தானே செய்யும்?

இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே, "அப்போ சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்கு ஏம்மா அடிக்கடி சீழ் பிடிக்கறதில்லை?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. சொரியாசிஸிலும் தோல் சுவர் கெட்டுத்தான் போகிறது. ஆனால் கிருமித் தொற்று அபூர்வம்.

விடை 2002-இல் கிடைத்தது. நம் தோலே சொந்தமாக ஆன்டிபயாட்டிக் மாதிரி சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைத் தயாரிக்கிறது. சொரியாசிஸ் தோலில் அவை நிறைய இருந்தன. எக்ஸிமா தோலில் மிகக் குறைவு. அதாவது, எக்ஸிமாவில் மதிலும் உடைந்திருக்கிறது, மதில் மேல் நிற்கும் வீரனிடம் அம்பும் இல்லை.

அம்பு ஏன் இல்லை? இதற்கு நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பார்க்க வேண்டும்.

நம் ரத்தத்தில் 'டி செல்கள்' என்ற காவலர்கள் உண்டு. எதிரி யார் என்பதைப் பொறுத்து இவர்கள் அணி பிரிந்து வேலை செய்வார்கள். ஓர் அணி வைரஸுக்கு, ஓர் அணி பாக்டீரியா, பூஞ்சைக்கு, ஓர் அணி குடற்புழு மாதிரி பெரிய ஒட்டுண்ணிக்கு. எக்ஸிமாவில் அடிபட்ட தோல் செல்கள் அனுப்பும் ஆபத்துச் செய்தியால், தவறான அணி கிளம்பி வந்துவிடுகிறது. வந்திருப்பதோ பாக்டீரியா, வந்து நிற்பதோ புழுவை விரட்டும் அணி! தீப்பிடித்த வீட்டுக்கு நாய் பிடிக்கிற வண்டி வந்த மாதிரி.

இந்த அணி இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற ரசாயனச் செய்திகளை அனுப்பும். அவை தோலிடம் "அம்பு தயாரிக்காதே" என்று சொல்கின்றன. ஃபிலாக்ரினையும் குறைக்கின்றன. சுவர் இன்னும் பலவீனம். கிருமிக்கு இன்னும் வசதி.

5. ஆரியஸ் செய்யும் நான்கு குறும்புகள்

கிருமி சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. அது என்னென்ன செய்கிறது பாருங்கள்.

முதல் குறும்பு, மணி அடிப்பது. வகுப்பில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒரு எண்ணைச் சொன்னால் ஒருவர் எழுந்திருப்பார். உடம்பிலும் அப்படித்தான். ஒரு கிருமியின் ஒரு பகுதியைக் காட்டினால் 10,000 டி செல்களில் ஒன்று எழுந்தாலே அதிகம். ஆனால் ஆரியஸ் 'சூப்பர் ஆன்டிஜென்' என்ற நஞ்சை விடுகிறது. அது எண்ணே சொல்லாமல் லாங் பெல் அடிப்பது மாதிரி! 100-க்கு 20 டி செல்கள் வரைக்கும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடும். அந்தக் களேபரம்தான் சிவப்பும் வீக்கமும்.

இரண்டாவது, ஒவ்வாமை. ஐஜிஇ என்று ஓர் எதிர்ப்புரதம் இருக்கிறது. 1966-இல் இஷிசாகா தம்பதியர் அதை அடையாளம் கண்டார்கள். தூசி, மகரந்தம் எல்லாம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு அதுவே காரணம். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த எக்ஸிமா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஆரியஸின் நஞ்சுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. அதாவது, அவர்கள் தங்கள் தோலில் குடியிருக்கும் கிருமிக்கே ஒவ்வாமை உள்ளவர்கள். தூசியைக் கண்டால் ஒதுங்கலாம். நம்ம தோலை விட்டு நாம எங்கே ஓடுவது?

மூன்றாவது, பையைக் கிழிப்பது. தோலில் 'மாஸ்ட் செல்' என்ற செல்கள் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைப் பை பையாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆரியஸ் சுரக்கும் 'டெல்டா நஞ்சு' நேராகப் போய் அந்தப் பைகளைத் திறந்துவிடுகிறது. இதை 2013-இல் கண்டுபிடித்தார்கள்.

நான்காவதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். 2023-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆரியஸ் விடும் 'வி8' என்ற நொதி, அரிப்பு நரம்பையே நேராகத் தட்டிவிடுவது தெரிந்தது. அந்த நரம்பில் இருக்கும் ஏற்பியை மருந்தால் அடைத்ததும் எலிகள் சொறிவது குறைந்தது. அதுவரைக்கும் அழற்சி வந்து, அதனால் அரிப்பு வருகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். கிருமியே நேராக அரிப்பைக் கிளப்ப முடியும் என்று இப்போது தெரிகிறது.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. "சொறியாதேடா, சொறியாதேடா"ன்னு தம்பி கையில் எத்தனை தடவை அடிச்சிருப்பேன்! அவனா சொறிஞ்சான்?

6. சுற்றிச் சுற்றி வரும் வட்டம்

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க:

தோல் வறள்கிறது → அரிக்கிறது → சொறிகிறோம் → சுவர் உடைகிறது → ஆரியஸ் பெருகுகிறது → நோய் எதிர்ப்பு மண்டலம் பதறுகிறது → அழற்சி → அம்பு குறைகிறது, அரிப்பு கூடுகிறது → மறுபடியும் சொறிகிறோம்.

கோழி முதலா, முட்டை முதலா? கிருமியால் எக்ஸிமாவா, எக்ஸிமாவால் கிருமியா?

இரண்டும்தான் என்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் எக்ஸிமா வந்த குழந்தைகளின் தோலில், நோய் தெரிவதற்கு முன்பே ஆரியஸ் அதிகம் காணப்பட்டது. இது ஒரு பக்கம். மறுபக்கம், அதே 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி மருந்து. அது ஆன்டிபயாட்டிக்கே இல்லை. இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றின் செய்தி தோலுக்குப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டவர்களின் தோலில் ஆரியஸும் குறைந்தது! கிருமியைத் தொடாமலே கிருமி குறைகிறது என்றால், வட்டத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் பலன் உண்டு என்றுதானே அர்த்தம்?

7. எல்லாக் கிருமியும் கெட்டதா?

இல்லவே இல்லை. ஆரோக்கியமான தோலில் பல வகைப் பாக்டீரியாக்கள் சமாதானமாக வாழ்கின்றன. வயலில் பயிர் அடர்த்தியாக இருந்தால் களை வளர இடம் இருக்காதே, அந்த மாதிரி. 2012-இல் எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், நோய் கிளம்பும் நேரத்தில் மற்ற வகைகள் குறைந்து ஆரியஸ் மட்டும் பெருகியதையும், சிகிச்சைக்குப் பிறகு மற்றவை திரும்பி வந்ததையும் பார்த்தார்கள்.

2017-இல் கலிபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நோயாளியின் சொந்தத் தோலில் கொஞ்சமாக இருந்த நல்ல பாக்டீரியாவைப் பிரித்து, வளர்த்து, களிம்பில் கலந்து அவர் கையிலேயே பூசினார்கள். ஆரியஸ் வெகுவாகக் குறைந்தது. அதனால், "கிருமியை ஒழிக்கிறேன்"னு தினமும் கடுமையான சோப்பும் கிருமிநாசினியும் போட்டுத் தேய்த்தால், களையோடு பயிரும் போய்விடும். சாதாரணக் கட்டி சோப்பின் பி.எச். 9 முதல் 10. தோலுக்கு வேண்டியதோ 5. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

8. சரி, ஒட்டுமா? ஒட்டாதா?

கரப்பான் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தால், கை கொடுத்தால், சேர்ந்து சாப்பிட்டால், கபடி விளையாடினால் ஒட்டாது. அது அந்த உடம்பின் தோல் சுவரும் காவலும் சம்பந்தப்பட்ட விஷயம். கிருமிதான் காரணம் என்றாலும், அந்தக் கிருமி ஏற்கெனவே நம்மில் பலர் மூக்கில் இருக்கிறது. நமக்கு எக்ஸிமா வந்துவிடவில்லையே!

ஆனால் ஒட்டுகிற தோல் நோய்களும் உண்டு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

சொறி சிரங்கு: ஒரு சின்னஞ்சிறு பூச்சியால் வருவது. விரல் இடுக்கில் வரும், ராத்திரியில் அதிகம் அரிக்கும், வீட்டில் எல்லாருக்கும் வரும். ஒட்டும்.

படர்தாமரை: பூஞ்சையால் வருவது. வட்டமாகப் படரும். ஒட்டும்.

சீழ்ச் சிரங்கு: தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும். ஒட்டும். கரப்பான் மேல் சீழ் பிடித்தாலும் ஆறும் வரை மூடி வைக்க வேண்டும்.

துண்டு, சீப்பு, நகவெட்டி இதையெல்லாம் யாராக இருந்தாலும் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. தட்டையும் பெஞ்சையும் பிரிக்கத் தேவையில்லை.

9. என்ன செய்யலாம்?

குளியல்: தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிக்க வேண்டும். ரொம்பச் சூடான தண்ணீர், நார், பிரஷ் கூடாது. துண்டால் ஒற்றித் துடைக்க வேண்டும்.

ஈரப்பசைக் களிம்பு: குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். புண் இல்லாத நாளிலும் தடவ வேண்டும். சுவருக்குப் பூச்சு வேலை இதுதான். நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவியவர்களில் ஆரியஸ் இருந்த 20 பேரில், சிகிச்சை முடிந்தபோது ஒருவரிடம்தான் அது மிச்சம் இருந்தது. ஆலிவ் எண்ணெய் தடவியவர்களில் 12 பேரில் 6 பேரிடம் இருந்தது. சின்ன ஆய்வுதான். டாக்டர் தந்த மருந்துக்குப் பதிலாக அல்ல, கூடச் சேர்த்துத்தான்.

நகம்: ஒட்ட வெட்ட வேண்டும். உடைக்குப் பருத்தித் துணி.

ஸ்டீராய்டு களிம்பு: டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். பயந்து போடாமல் விடுவதும் தப்பு, நாமே கடையில் வாங்கி மாசக்கணக்கில் பூசுவதும் தப்பு. தோல் மெலிந்து போகும். பக்கத்து வீட்டில் கொடுக்கும் 'எல்லாத்துக்கும் ஒரே களிம்பு' வேண்டவே வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்: சீழ் பிடித்தால் டாக்டர் கொடுப்பார். சும்மா சாப்பிட்டால் கிருமி பழகிக்கொண்டு, பிறகு தேவைப்படும்போது மருந்து கேட்காது.

சாப்பாடு: சில சின்னக் குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாத்தையும் நிறுத்தினால் பிள்ளை மெலிந்துதான் போகும். (எங்க வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு திரும்பி வந்தாச்சு!)

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்: மஞ்சள் பொருக்கு, நீர் அல்லது சீழ் வடிதல், காய்ச்சல், திடீரென்று வலியோடு நிறையச் சின்னக் கொப்புளங்கள்.

10. கடைசியாக...

தம்பிக்கு இப்போ கழுத்தில் நல்லாவே குறைஞ்சிருக்கு. முழங்கை மடிப்பில் இன்னும் இருக்கு. "முழுசாப் போயிடுமா?"ன்னு கேட்டதுக்கு டாக்டரம்மா, "பல பேருக்கு வளர வளரக் குறையும். அதுவரைக்கும் அடக்கி வைக்கலாம்"னு சொன்னாங்க. பொய்யா ஒரு தேதி சொல்லலை. அது எனக்குப் பிடிச்சிருந்தது.

இதை எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "எழுது. என் பேரை மட்டும் போடாதே. ஆனா அந்த மூணு பேரும் படிக்கணும்"னான்.

திங்கட்கிழமை அவன் வர்றான். ஜன்னல் ஓரம், மூணாவது பெஞ்சு. அந்த மூணு தம்பிகளுக்கும் சொல்றேன்: நீங்க பயந்ததில் தப்பில்லை, அக்காவும் பயந்தவதான். எங்க வீட்டில் தனித் தட்டை எடுத்தாச்சு. நீங்களும் உங்க இடத்துக்குத் திரும்பி வந்துடுங்க.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்!

1. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பெயர் எந்தப் பழத்தால் வந்தது?
2. செங்கல் சுவருக்கு உதவும் புரதம் எது?
3. நல்ல தோலின் பி.எச். சுமார் எவ்வளவு?
4. லாங் பெல் அடிக்கும் நஞ்சின் பெயர் என்ன?
5. கரப்பான் ஒட்டுமா?

(முதல் நான்குக்கு விடையைத் தாளில் எழுதி அறிவியல் ஆய்வகப் பெட்டியில் போடவும். ஐந்தாவதுக்கு விடையைத் தாளில் எழுத வேண்டாம். திங்கட்கிழமை காட்டினால் போதும்.)